கோணல் கட்டையில் ஒரு முக்காலி: அச்சில் வராத இருக்கை செய்ய முழு வழிகாட்டி

கடையில் மர நிறத்தில் விற்கும் லேமினேட் மேசை ஒன்றைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். ஓரிடத்தில் ஒரு கணு தெரியும். கொஞ்சம் தள்ளி அதே கணு, அதே சுழிப்போடு, அதே சிறு கீறலோடு மறுபடி வரும். மரத்தின் படத்தை உருளையில் ஏற்றி அச்சடித்த தாள் அது. உருளை ஒரு சுற்று முடித்ததும் படமும் முதலிலிருந்து தொடங்கிவிடும். கொல்லையில் வெட்டிப் போட்ட வேப்பங்கிளையில் அப்படி ஒரு ஜோடிக் கணுவைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே நாம் செய்யப்போவது ஒரு முக்காலி. அதன் பலகை ஓரம் மரம் வளர்ந்த வளைவிலேயே இருக்கும். மூன்று கால்களும் மூன்று விதமாக வளைந்திருக்கும். ஆனாலும் ஆடாது, எளிதில் கவிழாது. வீட்டுக்கு வரும் பெரியவர்கள் நம்பி உட்காரலாம். வேலையின் கஷ்டம் முழுக்க இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. கோணலாக எதையும் செய்துவிடலாம். அது உட்காரத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும் என்றால், எங்கே மரத்தை அதன் போக்கில் விடுவது, எங்கே நூல் பிடித்துக் கறாராக இருப்பது என்று ஆரம்பத்திலேயே முடிவுசெய்துவிட வேண்டும். பல கட்டைகள் வீணான பிறகு நான் வந்து சேர்ந்த கணக்கு இது: உடம்பு தொடும் இடம், எடை இறங்கும் வழி, தரையைத் தொடும் மூன்று புள்ளிகள். இவற்றில் துல்லியம் வேண்டும். மிச்சமெல்லாம் மரத்தின் இஷ்டம்.

கோணல் எங்கிருந்து வரப்போகிறது?

உளியைத் தொடும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். ஒழுங்கற்ற வடிவத்தை நாமே பென்சிலால் வரைந்தால் அது பெரும்பாலும் பொய்யாகத் தெரியும். ‘இயல்பாக’ ஒரு வளைவு போடுங்கள் என்றால் கை எல்லா வளைவுகளையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் போடும். அதனால்தான் இந்தத் துறையில் நல்ல வேலை செய்தவர்கள் கோணலை வேறு ஏதாவது ஒன்றின் பொறுப்பில் விட்டார்கள்.

இத்தாலிய வடிவமைப்பாளரான கயத்தானோ பெஷே அதை வேதியியலிடம் விட்டார். 1984இல் நியூயார்க்கின் பிராட் கல்லூரியில் ஒரே அச்சில் ஒன்பது நாற்காலிகள் வார்த்தார். அச்சு மாறவில்லை, ஊற்றிய ரெசின் கலவை மட்டும் மாறிக்கொண்டே போனது. முதல் நாற்காலி தன் எடையையே தாங்காமல் துவண்டு விழுந்தது. போகப்போக விறைப்பு கூடியது. காசினா என்ற மரச்சாமான் நிறுவனத்துக்காக 1980இல் அவர் வடிவமைத்த சான்சோனே மேசையில், நிறங்களை எப்படிக் கலந்து ஊற்றுவது என்ற முடிவே வார்க்கும் தொழிலாளியின் கையில் இருந்தது. தொழிற்சாலைக்குள்ளேயே ஒன்றைப்போல் ஒன்று இல்லாத பொருள்களைச் செய்ய முடியும் என்று காட்டியவர் அவர்.

ஆங்கிலேயரான மேக்ஸ் லேம்ப் 2006இல் கார்ன்வாலின் கேர்ஹேஸ் கடற்கரைக்குப் போனார். ஈர மணலில் இருக்கைக்கு ஒரு பள்ளமும் கால்களுக்கு மூன்று குழிகளும் தோண்டி, உருக்கிய வெள்ளீயக் கலவையை ஊற்றினார். ஆறியதும் தோண்டி எடுத்தால் முக்காலி. அன்றைய மணலின் சொரசொரப்பு அப்படியே அதன் மேல் இருந்தது. அதே அச்சை மறுநாள் பயன்படுத்த முடியாது. அலை வந்து கொண்டுபோய்விடும். நெதர்லாந்தின் டேயோ ரெமி 1991இல் வேறு வேறு மேசைகளிலிருந்து வந்த பழைய இழுப்பறைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு பெட்டி செய்து, எல்லாவற்றையும் ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டி அலமாரியாக்கினார். அங்கே கோணல் பழைய பொருள்களிலிருந்து வந்தது.

நாம் இன்னொரு வழியில் போகிறோம். கோணலை மரத்திடமே விடப்போகிறோம். அந்த வழியில் மிக ஆழமாகப் போனவர் ஜார்ஜ் நகாஷிமா. 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேனில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர். டோக்கியோவில் கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் வேலை பார்த்துவந்தபோது, 1937இல் புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டார். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் வேலை அது. ஆசிரமத்திலேயே தங்கியிருந்த அவருக்கு அரவிந்தர் ‘சுந்தரானந்தா’ என்று பெயர் வைத்தார். பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பினார். போர் வந்தது. ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தபோது, 1942இல் நகாஷிமாவும் மனைவி, கைக்குழந்தையோடு இடாஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்குப் போனார். அங்கேதான் ஜென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானிய முறையில் உளி பிடிக்கக் கற்றார். அடுத்த ஆண்டு பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறி, 1990இல் இறக்கும்வரை அங்கேயே வேலை செய்தார்.

கோல்கொண்டாவை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் கறார் தெரியும். சுவர் முழுக்கக் கிடைமட்டமான தகடுகள், வரிசை பிசகாமல். அந்தக் கட்டடத்தில் நின்று வேலை வாங்கிய மனிதர்தான் பின்னாளில் மரத்தின் ஓரத்தை வெட்டாமல், வெடிப்பைக்கூட மறைக்காமல் மேசையாக்கினார். அவர் மேசைகளில் பலகை எவ்வளவு தாறுமாறாக இருந்தாலும் குனிந்து காலையும் இணைப்பையும் பார்த்தால் மயிரிழை இடைவெளி இருக்காது. எனக்குப் பாடம் அங்கேதான் கிடைத்தது.

ஒரே மாதிரிப் பொருள் என்றால் மட்டம் என்று நான் நினைக்கவில்லை. 1859இல் தோனெட் நிறுவனம் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியைப் பாகங்களாகக் கழற்றி அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடங்கும். எந்தக் காலும் எந்த நாற்காலிக்கும் பொருந்தும். சாதாரணச் சிற்றுண்டிக் கடைக்கும் நல்ல நாற்காலி கிடைத்தது அதனால்தான். நம் முக்காலியில் ஒரு கால் அதன் துளைக்கு மட்டும்தான் பொருந்தும். அந்த வசதியை நாம் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறோம்.

1. மரம் தேடுதல்

பலகைக்குப் பூவரசு கிடைத்தால் யோசிக்காதீர்கள். வைரம், அதாவது முதிர்ந்த உள்மரம், நல்ல காப்பி நிறத்தில் இருக்கும், நார் நெருக்கமானது, இழைத்தால் வழுவழுவென்று வரும். அதைச் சுற்றியுள்ள இளமரமான வெளிறு இளமஞ்சளாக ஓரத்தில் ஒரு பட்டை போலத் தெரியும். வளைந்த ஓரத்தோடு அது சேர்ந்தால் அழகுக்கு வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. வாகை, வேம்பு, பலா, புளி எல்லாமே உதவும். மா சுலபமாகக் கிடைக்கும், ஆனால் பூச்சி சீக்கிரம் பிடிக்கும்.

மர அறுவை மில்லில் போய்ப் பலகை கேட்டால் பழக்கத்தில் சதுரமாக்கித்தான் தருவார்கள். “ஓரம் தட்டாமல், பட்டையோடு அப்படியே அறுத்துக் கொடுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தடிமன் 2 அங்குலம். காய்ந்து இழைத்த பிறகு ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கால் கெட்டியாக நிற்க அவ்வளவு ஆழம் தேவை. அகலம் 12 அங்குலம் இருந்தால் போதும். கட்டையின் நட்ட நடுவே ஒரு சிறு புள்ளியாகத் தெரியும் மரத்தின் நடுச்சோறு உங்கள் பலகையில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது இருக்கும் பலகை வெடித்தே தீரும்.

கால்களுக்கு நான் சிபாரிசு செய்வது சீமைக்கருவேலம். தென் மாவட்டங்களில் கண்மாய் முழுக்கப் பரவி, வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்களே, அதேதான். நேராக வளரத் தெரியாத மரம். அதனாலேயே மரச்சாமான் செய்பவர்கள் தொடுவதில்லை. நமக்கு வேண்டியதும் அதே கோணல்தான். கட்டை கனமும் உறுதியும் உள்ளது. காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். கைப்பிடிக்கு அடங்கும் கனத்தில், அதாவது ஒன்றரையிலிருந்து 2 அங்குலக் குறுக்களவில், 2 அடி நீளத்துக்கு ஏழெட்டுக் கிளைகளாவது எடுத்து வாருங்கள். மூன்று மட்டும் எடுத்தால் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இருக்காது. முள் ஆழமாக ஏறும், தடித்த கையுறை போடாமல் போக வேண்டாம்.

இயற்கையாக வளைந்த கிளைக்கு இன்னொரு பலமும் உண்டு. நார் வளைவோடு சேர்ந்தே ஓடும். நேரான பலகையிலிருந்து அதே வளைவை வெட்டி எடுத்தால் வளையும் இடத்தில் நார் அறுந்துபோகும், ஒருநாள் அங்கேயே முறியும். கலப்பை செய்தவர்கள் வளைந்த கட்டையாகத் தேடி எடுத்ததும் படகின் விலாச் சட்டத்துக்கு வளைந்த கிளையைத் தேடியதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

2. காய வைத்தல்

இந்த வேலையில் பொறுமையை அதிகம் கேட்பது இதுதான். பச்சைப் பலகையில் வேலை செய்தால் செய்த அன்று எல்லாம் பொருந்தும், மூன்று மாதத்தில் பலகை ஓடம் போல வளைந்திருக்கும். எனக்கு ஒரு வாகைப் பலகை அப்படித்தான் போனது.

ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்பது பொதுவான கணக்கு. அதற்காகக் காலண்டரை மட்டும் நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள். வாரம் ஒருமுறை பலகையை எடை போட்டு அதன் மேலேயே தேதியோடு எழுதி வாருங்கள். நாலைந்து வாரமாக எடை குறையவே இல்லை என்றால், வீட்டுக் காற்றோடு அது சமநிலைக்கு வந்துவிட்டது. இழுத்துச் செல்ல வாகனமும் வைக்க இடமும் இருந்தால், இடித்த பழைய வீடுகளின் மரம் விற்கும் கடையில் காய்ந்த தேக்கு, வேங்கைப் பலகைகளைப் பார்க்கலாம். ஆணித் துளைகளோடும் பழைய கொண்டி தேய்த்த தடத்தோடும் வரும். மரத்தின் ஓரத்துக்குப் பதில் அந்த வீட்டின் தடம் கிடைக்கும்.

காய வைக்கும் முறை இதுதான். இரு முனைகளிலும் பழைய பெயிண்ட்டையோ உருக்கிய மெழுகையோ தடவுங்கள். முனை வழியாக ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறுவதால்தான் அங்கே முதலில் வெடிக்கிறது. பட்டையை முழுக்க உரித்துவிடுங்கள், பூச்சி அதன் அடியில்தான் குடியிருக்கும். பட்டையோடு இருந்தால் அழகு என்று விட்டுவைத்தால் எப்படியும் ஒருநாள் உரிந்து விழும். நிழலில், தரையில் படாமல், ஒரே தடிமனுள்ள சிறு சட்டங்களை இடையில் கொடுத்து அடுக்குங்கள். வெளிறுள்ள கிளைகளுக்குப் போராக்ஸ் 3 பங்கும் போரிக் ஆசிட் 2 பங்கும் வெந்நீரில் கரைத்து இரண்டு மூன்று முறை பூசுங்கள். உளுத்துப்போவதைத் தடுக்க இது நல்ல வழி.

3. பலகையைப் படித்தல்

காய்ந்த பலகையை உடனே அறுக்க வேண்டாம். சில நாள் வீட்டிலேயே சுவரில் சாய்த்து வையுங்கள். போகும்போதும் வரும்போதும் கண்ணில் படட்டும். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும், எந்த ஓரம் உட்காருபவரின் தொடைக்கு வரும், எங்கே கணு இருக்கிறது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும். தொடை வரும் பக்கத்தில் கூர்மையான மேடு இருந்தால் அங்கே மட்டும் அரத்தால் உருட்டிவிடுங்கள். உடம்பு தொடும் இடம் என்று முதலில் சொன்னேனே, அது இதுதான். மற்ற ஓரங்களைத் தொடாதீர்கள். கம்பித் தூரிகையால் பட்டைத் துணுக்குகளை மட்டும் நீக்கினால் போதும்.

மேல்முகத்தை இழைப்புளியால் இழையுங்கள். கண்ணாடி போல் தட்டையாக வேண்டியதில்லை, ஆனால் நடுப்பகுதி விளிம்பைவிட மேடாக இருந்தால் உட்கார உறுத்தும். நடுவில் கால் அங்குலம் குழிவாகச் செதுக்கினால் இன்னும் சுகம். அடிமுகத்தில் மட்டும் கால்கள் வரும் பகுதி தட்டையாக இருக்கட்டும், அளவெடுக்க அதுதான் ஆதாரம்.

வெடிப்பு இருந்தால் அதைப் பிசின் ஊற்றி மறைக்கும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. எனக்கு அது உவப்பில்லை. வெடிப்பு மேலும் ஓடாமல் நிறுத்தினால் போதும். நகாஷிமா பயன்படுத்திய வண்ணத்துப்பூச்சி ஆப்பு இங்கே உதவும். இரண்டு முக்கோணங்கள் முனையோடு முனை ஒட்டியது போன்ற ஒரு துண்டை வைரம் பாய்ந்த கட்டையில் செதுக்குங்கள். அதன் இடுப்பு வெடிப்பின் மேலும், இரண்டு இறக்கைகளும் வெடிப்பின் இருபுறமும் வர வேண்டும். நாரோட்டம் இறக்கையிலிருந்து இறக்கைக்கு, அதாவது வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும். மாற்றி வைத்தால் இடுப்பிலேயே முறிந்துவிடும். ஆப்பைப் பலகை மேல் வைத்து மெல்லிய கத்தி நுனியால் சுற்றிக் கீறி, பலகைத் தடிமனில் பாதி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பசை தடவி இறக்குங்கள். பென்சில் கோடு இதற்குத் தடிமன்.

4. கால்களை நிறுத்திப் பார்த்தல்

இந்தக் கட்டத்தில்தான் முக்காலி உருவாகிறது. அரை நாளாவது ஒதுக்குங்கள்.

ஏன் நான்கு கால் வேண்டாம்? மூன்று புள்ளிகள் எப்படி இருந்தாலும் ஒரே தளத்தில் அமையும். தரை மேடும் பள்ளமுமாக இருந்தாலும் மூன்று கால் ஆடாது. கோணல் கட்டையில் நான்கு பாதங்களைச் சமமாக்குவது பெரும்பாடு. ஆனால் மூன்று கால் எளிதில் கவிழும். அதற்கான கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பாதங்கள் மூன்றையும் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். எடை அந்த முக்கோணத்துக்குள் இறங்கும்வரை முக்காலி நிற்கும். மையத்திலிருந்து 9 அங்குலத் தூரத்தில் மூன்று பாதங்களும் சம இடைவெளியில் இருந்தால், முக்கோணத்தின் பக்கம் மையத்துக்கு எவ்வளவு அருகில் வரும் தெரியுமா? சரிபாதி, நாலரை அங்குலம். 12 அங்குலப் பலகையின் விளிம்பு மையத்திலிருந்து 6 அங்குலத்தில் இருக்கிறது. ஆக, இரண்டு கால்களுக்கு நடுவே பலகை ஒன்றரை அங்குலம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அது தாங்கும். பாதங்களை 6 அங்குலத்தில் வைத்தால் துருத்தல் 3 அங்குலமாகிவிடும்; விளிம்பில் உட்கார்ந்தால் சாய்ந்துவிடும். என் முதல் முக்காலி பார்க்க ஒயிலாக இருக்கட்டும் என்று கால்களைக் குறுக்கி வைத்து, அதில் உட்கார்ந்த குழந்தை பக்கவாட்டில் சரிந்தது. நல்லவேளை அடிபடவில்லை. அன்றிலிருந்து இந்தக் கணக்கில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

உட்காரும் உயரம் 17 அங்குலம். பலகைத் தடிமன் போக, கால் 15½ அங்குலம் கீழே இறங்க வேண்டும். பலகையின் அடியில் மையத்திலிருந்து 4 அங்குலத்தில் தொடங்கும் கால் 9 அங்குலத்தில் தரையைத் தொட வேண்டும் என்றால், 5 அங்குலம் வெளியே விரிகிறது. கோணமாகச் சொன்னால் சுமார் 18 டிகிரி. பலகை ஒழுங்கற்றது என்பதால் மையம் எங்கே என்று குழம்ப வேண்டாம். ஒருவர் உட்கார்ந்தால் எடை எங்கே இறங்குமோ அதுதான் மையம். கண்ணால் பார்த்தே குறிக்கலாம். சந்தேகம் இருந்தால் பலகையை ஓர் உருண்டைக் கம்பியின் மேல் சமநிலையில் நிறுத்தி அந்தக் கோட்டைக் குறியுங்கள். திருப்பி இன்னொரு முறை. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே நீங்கள் குறித்த மையமும் இருக்கும்.

இப்போது பலகையைத் தலைகீழாக மேசை மேல் வையுங்கள். மையத்திலிருந்து 4 அங்குலத்தில் மூன்று புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஓர் எலுமிச்சை அளவு, பிசைந்த களிமண். கிளைகளின் மேல்முனையை அதில் குத்தி, பாதம் வானத்தைப் பார்க்க நிறுத்துங்கள். ஓர் அட்டையில் 9 அங்குல ஆரத்தில் வட்டம் போட்டு, மூன்று பாதப் புள்ளிகளைக் குறித்து வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையை மேலே பிடித்துப் பார்த்தால், பாதங்கள் அந்தப் புள்ளிகளுக்கு வருகின்றனவா என்று தெரியும்.

வரவில்லை என்றால் கிளையைத் திருப்புங்கள். வளைந்த காலின் பெரிய வரம் இது. நேரான காலைத் துளைக்குள் எவ்வளவு சுழற்றினாலும் பாதம் அதே இடத்தில்தான் இருக்கும். வளைந்த காலைச் சுழற்றினால் பாதம் ஒரு வட்டமே போடும். அந்த வட்டத்தில் எங்காவது நமக்கு வேண்டிய புள்ளி வந்துவிடும். காலின் முனையில் ஆப்புக்குப் பிளவு போடும்வரை இந்தத் திருத்தம் உங்கள் கையில் இருக்கிறது.

கிளையின் வளைவு எவ்வளவு வரை இருக்கலாம்? மேல்முனையிலிருந்து பாதம்வரை ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். எடை அந்த நூலின் வழியாகத்தான் இறங்கப் பார்க்கும். நூலுக்கும் கட்டைக்கும் நடுவே காலின் தடிமனுக்கு மேல் இடைவெளி விழுந்தால் அந்தக் கிளையை ஒதுக்கிவிடுங்கள். நான் பின்பற்றும் அளவு அது. கணு ஒன்று சரியாக வளைவின் உச்சியில் இருந்தாலும் வேண்டாம்.

அளவு சரியானதும் பார்வைக்கு வாருங்கள். நான்கு பக்கமும் நடந்து பாருங்கள், குனிந்து பாருங்கள், கைபேசியில் படம் எடுத்துப் பாருங்கள். மூன்று காலும் ஒரே திசையில் வளைந்தால் முக்காலி சுழல்வது போலத் தெரியும். ஒன்று எதிர்த் திசையில் இருந்தால் நிற்பது போலத் தெரியும். இரண்டும் நன்றாகவே இருக்கும். எது வேண்டும் என்பதை உங்கள் கண் சொல்லட்டும். முடிவானதும் கால்களுக்கும் துளைகளுக்கும் 1, 2, 3 என்று எண் எழுதி, ஒவ்வொரு காலும் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதற்குக் காலிலிருந்து பலகைவரை ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். இதை மறந்தால் மறுபடி களிமண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

5. துளையும் முனையும்

காலின் மேல்முனையை 1 அங்குலக் குறுக்களவு உருளையாகச் செதுக்க வேண்டும். பலகையை முழுதாகத் துளைத்து மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம், சுமார் 2 அங்குலம், போதும். உளியால் முதலில் எட்டுப் பட்டையாக்கி, பிறகு அரத்தால் உருட்டினால் வட்டம் சரியாக வரும். பழைய பலகைத் துண்டில் 1 அங்குலத் துளை போட்டு வைத்துக்கொண்டு, முனையை அதில் நுழைத்து நுழைத்துப் பாருங்கள். கறுத்துத் தேயும் இடத்தை மட்டும் எடுக்க வேண்டும்.

முனை பலகையைவிட நன்றாகக் காய்ந்திருப்பது நல்லது. பின்னால் அது காற்றின் ஈரத்தை வாங்கி லேசாகப் பருத்து, தானே இறுகிக்கொள்ளும். அதற்கு மணலைச் சட்டியில் சூடாக்கி, கடலை வறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வைத்து, செதுக்கிய முனையை அதில் சில மணி நேரம் புதைத்து வையுங்கள். கருகவிடக் கூடாது. இதைச் செய்வதாக இருந்தால் முனையைக் கொஞ்சம் தடிமனாகவே விட்டு, சுருங்கிய பிறகு கடைசிச் செதுக்கலைச் செய்யுங்கள்.

துளை போடும்போது பலகையின் மேல்முகத்தில் ஒரு பழைய பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டிரில் வெளியே வரும் இடத்தில் சிராய் பிய்ந்துவிடும். களிமண்ணில் நின்றபோது காலின் மேல்முனை மட்டும் எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தது என்பதைத்தான் துளை பின்பற்ற வேண்டும். காலின் மற்ற வளைவுகளைப் பார்த்துக் குழம்பக் கூடாது. அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டி, துளைக்குப் பக்கத்தில் நிறுத்தி, அதற்கு இணையாக டிரில்லைப் பிடியுங்கள். பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் நல்லது.

மூன்று காலையும் பசையில்லாமல் பொருத்தி, திருப்பி நிறுத்திப் பாருங்கள். சரி என்றால் கழற்றி, ஒவ்வொரு முனையிலும் ரம்பத்தால் ஒரு பிளவு போடுங்கள். ஆப்பு அதில் இறங்கும். ஆப்பு எந்தத் திசையில் விரிக்கிறது என்பதில் கவனம் வேண்டும். பிளவின் கோடு பலகையின் நாரோட்டத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும். அப்போது ஆப்பின் அழுத்தம் நாரின் நீளவாக்கில் போகும், பலகை தாங்கும். நாரோட்டத்தோடு ஒன்றாக இருந்தால் ஒரே அடியில் பலகை இரண்டாகப் பிளந்துவிடும். காலைச் சுழற்றிச் சரியான நிலைக்குக் கொண்டுவந்த பிறகே பிளவைக் குறிக்கச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் பசை. சாதாரண ஃபெவிகால் போதும். முனையிலும் துளையிலும் மெல்லியதாகத் தடவி, காலை இறக்கி, கோடு கோட்டோடு சேர்கிறதா பார்த்து, புளியங்கட்டை ஆப்பைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்குங்கள். அடியின் சத்தம் ‘டொக் டொக்’ என்பதிலிருந்து கெட்டியாக மாறும்போது நிறுத்திவிட வேண்டும். ஒரு நாள் காயட்டும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை அறுத்து இழைத்தால், பலகை மேல் மூன்று வட்டங்கள், ஒவ்வொன்றின் குறுக்கே ஓர் ஆப்புக் கோடு. வேறு நிறக் கட்டையில் ஆப்பு செய்திருந்தால் அது பளிச்சென்று தெரியும்.

6. பாதம் அறுத்தல்

முக்காலி இப்போது ஆடாமல் நிற்கும், ஆனால் இருக்கை சாய்வாக இருக்கும். தட்டையான தரையில் வைத்து, குட்டையான கால்களின் அடியில் அட்டைத் துண்டுகளைச் சொருகி, இருக்கையைச் சமமாக்குங்கள். மேல்முகம் குழிவாக இருப்பதால் ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்து அதன் மேல் ரசமட்டம் வைக்க வேண்டும். இரண்டு திசையிலும் பாருங்கள். பிறகு ஓர் அங்குலக் கட்டைத் துண்டின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அதைத் தரையோடு நகர்த்தி ஒவ்வொரு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் அறுத்தால் மூன்று பாதமும் தரையில் முழுதாகப் படியும். கட்டையின் உயரத்தை உங்களுக்கு வேண்டிய இருக்கை உயரத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். பாதத்தின் விளிம்பை லேசாகத் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் இழுக்கும்போது சிராய் கிளம்பும்.

சோதனை: இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள விளிம்பில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்துங்கள். மூன்று பக்கமும் இப்படி. எங்காவது எதிர்க்கால் சுலபமாக எழும்பினால் அந்தப் பக்கத்துப் பலகை ஓரத்தைக் குறைக்கத்தான் வேண்டும், ஓரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இதன் மேல் ஏறி நின்று மின்விசிறி துடைக்க வேண்டாம் என்பதையும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

7. எண்ணெய்

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் மரத்தில் காயாது, பிசுபிசுப்பாகவே நின்று தூசியைப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றோடு சேர்ந்து இறுகும். பெயிண்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். 120, 180, 240 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து முடித்து, துணியால் எண்ணெயைத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். நாளுக்கு ஒன்றாக மூன்று பூச்சு. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது சூடாகித் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்து, அல்லது தண்ணீரில் நனைத்து, பிறகுதான் எறிய வேண்டும்.

இரண்டாவது முக்காலி

ஒன்று செய்தவுடன் அதே மாதிரி இன்னொன்று கேட்பார்கள். அதே மாதிரி வராது, வரவைக்கவும் முயல வேண்டாம். பெஷே செய்ததைப் போல மாறாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுங்கள். அவருக்கு அச்சு மாறவில்லை. நமக்கு 17 அங்குல உயரமும் 9 அங்குலப் பாத வட்டமும் மாறக் கூடாது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு முக்காலிகள் வேண்டும் என்றாலும் இந்த இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால், பூவரசு ஒன்று, பலா ஒன்று, பழைய கதவுப் பலகையில் ஒன்று என்று கலந்து வைத்தாலும் ஒரே குடும்பமாகத் தெரியும். உயரம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் மாறினால், எவ்வளவு அழகான கட்டையாக இருந்தாலும் மேசையில் உட்கார்ந்தவர்களின் தோள்கள் ஏறியும் இறங்கியும் இருக்கும். யாரும் வசதியாகச் சாப்பிட முடியாது.

எடையை எழுதிவந்த அதே பென்சிலால் பலகையின் அடியில் மரத்தின் பெயர், கிடைத்த ஊர், வெட்டிய மாதம் எல்லாம் எழுதிவிடுங்கள். எண்ணெய் பூசும் முன் எழுதினால் அழியாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் முக்காலியைக் கவிழ்த்து ஒவ்வொரு காலையும் பிடித்து அசைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் ஒருமுறை. கால் லேசாக அசைந்தால், பழைய ஆப்பின் பக்கத்தில் நறுக்கிய மெல்லிய ஆப்பு ஒன்றைப் பசையோடு இறக்கினால் போதும்.